ஏழாம் படியைத் தொட்ட தண்ணி

பதினோரு வருஷமா வண்ணாரித்தைத் திட்டிக்கிட்டே இருக்கேன். என் புருஷன். ஆகஸ்ட் மாசம் என்கூட சண்டை போட்டுட்டு தாய்லாந்து மீன்பிடிக் கப்பலுக்குப் போனவன், ஒரு கடுதாசி போடல. ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தானாங்கறதுதான் என் ஆத்திரம். ஊர்ல யாராவது அவன் பேரை எடுத்தா அவங்களுக்கும் சேர்த்துக் கிடைக்கும்.

போன வாரம் மலீஸ் வந்தா. என்கிட்ட கணக்குப் படிச்ச பொண்ணு, இப்போ நர்ஸ். அவ அப்பா படகுல ஊர் ஊராப் போய் போட்டோ எடுத்தவர், ரெண்டு மாசம் முன்னாடி இறந்துட்டார்.

“அப்பா பெட்டியில இருந்துச்சு டீச்சர். கவர்ல உங்க பேரு. தேதி இல்ல. உங்க திட்டுக்குப் பயந்தே குடுக்காம வெச்சிருந்தார் போல.”

பிரிச்சா, போட்டோவுல அவன். ஏரியோரம் தூண் மேல நிக்கிற எங்க வீட்டு ஏணிப்படியில உட்கார்ந்திருக்கான். ஏரித் தண்ணி ஏழாம் படியைத் தொட்டுக்கிட்டு நிக்குது.

ஸ்கூல் பாடத்துக்காக தினமும் வீட்டு ஏணியில நான் தண்ணி அளந்து எழுதின பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். படத்துல இருக்கிற ஏணி, அவன் போன வருஷம் மட்டும்தான் இருந்துச்சு. அந்த வருஷம் தண்ணி ஏழாம் படியில நின்னது ரெண்டு தடவை. ஜூலையில ஏறும்போது, நவம்பர்ல இறங்கும்போது. ஜூலைன்னா சண்டைக்கு முன்னாடி சும்மா எடுத்த படம். நவம்பர்னா, அவன் திரும்பி வந்திருக்கான்.

மலீஸ் சிரிச்சா. “நாள் தெரிஞ்சா உயரம் கிடைக்கும், உயரம் தெரிஞ்சா நாள் கிடைக்காது. வகைக்கெழுவோட குறி மாறுச்சுன்னா, அதாவது ஏறினது இறங்குச்சுன்னா, நேர்மாறு சார்பு கிடையாதுன்னு என் தலையில குட்டிக் குட்டிச் சொன்னது யாரு டீச்சர்?”

“வாய் மட்டும் குறையல உனக்கு. ஏறுற மாசத்தை மட்டும் தனியா வெட்டி எடு, இல்ல இறங்குற மாசத்தை. அதுக்குள்ள குறி மாறாது. ஒரு உயரத்துக்கு ஒரே நாள்தான். எந்தப் பக்கம்னுதான் தெரியணும்.”

படத்தைக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டுபோனேன். அவனுக்குப் பின்னால வீட்டுத் தூண். தண்ணிக்கு மேல ரெண்டு முழம் உயரத்துல சேத்துக்கோடு, அதுல காஞ்ச பாசி. அந்த வருஷம் ஜூன்லதான் தூணுக்கெல்லாம் நீலப் பெயின்ட் அடிச்சேன். ஜூலைன்னா மேல துளி அழுக்கு இருக்காது. தண்ணி அதுவரைக்கும் ஏறி, அப்புறம் இறங்கியிருக்கு.

“வந்திருக்கான்டி!” என் குரல் எனக்கே அடையாளம் தெரியல.

“என்னைக்கு டீச்சர்?”

நவம்பர் பக்கத்தைப் புரட்டினேன். தண்ணித் திருவிழா லீவுல நாலு நாள் எழுதல. லீவுக்கு முந்தின நாள் தண்ணி ஏழாம் படிக்கு மேல ஒரு சாண். திரும்பி வந்த அன்னைக்குக் கீழ ஒரு சாண். இறங்கிக்கிட்டே இருந்த தண்ணி. அந்த நாலு நாளுக்குள்ளதான் ஏழாம் படியைத் தொட்டிருக்கணும். வேற நாளே கிடையாது.

அந்த நாலு நாளும் ஊரே படகுப் போட்டி பார்க்க டவுனுக்குப் போயிருந்துச்சு. நானும் வீட்டைப் பூட்டிட்டுப் போனேன். அவன் இல்லாம நல்லாத்தான் இருக்கேன்னு ஊருக்குக் காட்டணுமாம், புதுப் பாவாடை வேற.

மலீஸ் என் தோளைப் பிடிச்சா. நான் படத்தைப் பார்த்துத்தான் பேசினேன்.

“நாலே நாள்டா பாவி. அஞ்சாம் நாள் வந்துட்டேனே நான்.”