மப்ரூக்காவின் பூனை

நாற்பத்தொரு மணி நேரம் இருந்தது. திங்கட்கிழமை நண்பகல் பன்னிரண்டுக்குள் எம்னா பிரான்சின் மொன்பெலியேக்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடத்துக்கு இடம் கொடுத்திருந்தார்கள். உதவித்தொகை, தங்க ஓர் அறை. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரு வரி எழுதினால் போதும். வரவில்லை என்றால் அந்த இடம் உடனே வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும், பிறகு மனம் மாறிப் பயனில்லை என்றும் சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வரி பத்து நாளாக அவள் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது.

அம்மாவிடம் சொன்னால் அழுவாள். தோழி ஷிராஸிடம் சொன்னால் சண்டைக்கு வருவாள். இருவரிடமும் எம்னா மூச்சு விடவில்லை. சனிக்கிழமை மாலை, லெ க்ராம் என்ற கடலோர ஊரில் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு மப்ரூக்காவுக்கு எழுதினாள்.

"பெரியம்மா, பிரான்சுல படிக்க எனக்கு இடம் கெடச்சிருக்கு. திங்கக்கெழம மத்தியானத்துக்குள்ள பதில் சொல்லணும். உங்களத் தவிர யாருக்கும் தெரியாது. போகட்டுமா?"

மப்ரூக்காவை அவள் பார்த்ததில்லை. குரலும் கேட்டதில்லை. தெற்கே காபேஸ் ஊர்க்காரி, ஓய்வுபெற்ற செவிலி, அறுபது தாண்டியவள், வீட்டை ஒட்டி மாதுளைத் தோப்பு உண்டு. இவ்வளவும் ஹூமாவில் தெரிந்துகொண்டதுதான்.

ஹூமா என்றால் பேட்டை. ஷிராஸ் தொடங்கிய சமூக வலைத்தளத்துக்கு அவளே வைத்த பெயர். கம்பெனி கிடையாது, விளம்பரம் கிடையாது. வாடகைக்கு எடுத்த ஒரே ஒரு சர்வர். இதைப் போன்ற சின்னத் தளங்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் யாரோ சிலர் சொந்தக் கைக்காசிலும் ஓய்வு நேரத்திலும் நடத்துகிறார்கள். ஒன்றில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு பேசலாம், மாடிக்கு மாடி குரல் கொடுப்பதைப் போல. யாரும் யாருக்கும் முதலாளி இல்லை.

ஷிராஸ் பேசுவாள், ஆள் சேர்ப்பாள். எம்னாவுக்குப் பேச வராது. பகலில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வீட்டுக்கு வந்ததும் ஹூமா. பழுது பார்ப்பது, குப்பைச் செய்திகளைக் கூட்டித் தள்ளுவது, எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வைப்பது அவள் பொறுப்பு. அவள் காய்ச்சலில் படுத்தால் ஹூமாவும் படுத்துவிடும்.

தொடக்கத்தில் ஆள் வருவதுதான் பெரும்பாடாக இருந்தது.

"வர்றவங்கிட்ட மொதக் கேள்வியே, எந்தத் தளத்துல சேரப் போறேன்னு கேக்கறோம்," என்பாள் ஷிராஸ். "கல்யாணத்துக்கு வந்தவன வாசல்ல மறிச்சு, எந்த ரூம்ல உக்காரப் போறே, பரிச்ச எழுதிட்டு வான்னா, அவன் திரும்பிப் போகமாட்டானா? சரி, தப்பிச்சு உள்ள வந்துட்டான்னே வையி. மச்சானத் தேடறான், இல்ல. கூடப் படிச்சவளத் தேடறான், இல்ல. காலியாக் கெடக்கற காபிக்கடைல எவன்டி உக்காருவான்?"

எம்னாவும் அப்படி எட்டிப் பார்த்தவள்தான். சேர்ந்த முதல் வாரம், வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஒரு வரி போட்டாள்: மாடியில் பிடித்த மழைநீரின் அமிலத்தன்மையை அளந்தேன் என்று. ஒருவரும் சீண்டவில்லை. கணக்கை அழித்துவிடலாம் என்று உட்கார்ந்தபோது பதில் வந்தது.

"அளந்து என்ன கண்டே மகளே? எங்க மாதுளைக்கு அந்த மழை ஆகுமா?"

அதுதான் மப்ரூக்கா. அந்த ஒரு கேள்விக்காக எம்னா தங்கினாள். தங்கியவள் பிறகு சர்வரையும் பார்த்துக்கொள்ளத் தொடங்கினாள். அவளைப் போல இன்னும் எத்தனையோ பேர். புதிதாக யார் வந்தாலும் மப்ரூக்கா கூப்பிட்டுப் பேசுவாள். வேலை போனவனுக்கு ஆறுதல், பிள்ளை பெற்றவளுக்குக் கைவைத்தியம். இப்போது ஹூமாவில் இரண்டாயிரம் பேருக்கு மேல். இப்படித் தளம் நடத்துகிறவர்கள், வந்தவரை எப்படித் தங்க வைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்விக்குத் தனக்கு விடை தெரியும் என்று எம்னாவுக்குத் தோன்றும். ஒரு ஆள் போதும். பேசினால் திரும்பிப் பார்க்கிற ஒரு ஆள்.

பதில் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்தது.

"மகளே, போகாதேன்னு நான் சொல்லமாட்டேன். என் பொண்ணு லியோனுக்குப் போனது ஒனக்குத் தெரியும். ஒரு வருஷம்மான்னுதான் போனா. இப்ப பெருநாளைக்குக்கூட ஒரு போன் இல்ல. அவ கட்டில்ல இன்னும் விரிப்ப மாத்திக்கிட்டு இருக்கேன். நீயும் போயிட்டா எனக்கு யாரு இருக்கா? ஆனா ஒன் இஷ்டம்."

எம்னா அதைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மகள் போன கதையைப் போன குளிர்காலத்தில் முதன்முதல் கேட்டபோது, தலையணையில் முகம் புதைத்து அழுதிருக்கிறாள். நன்றி பெரியம்மா என்று மட்டும் எழுதினாள். இன்னும் சற்று நேரம் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு அதை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய், அம்மா சுட்டு வைத்திருந்த மிளகாய்களின் தோலை உரித்துக் கொடுத்தாள்.

மறுநாள் ஹூமாவுக்கு மூன்று வயது. ஷிராஸ் பக்கத்து ஊரான லா குலெத்தில் தன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். எம்னா பழகிய வீடு. ஹூமாவில் பழக்கமான நெஜிப் அண்ணனுக்கு முதல் தடவை. அவர் பள்ளியில் தத்துவம் கற்பிப்பவர், பிறவியிலேயே கண் பார்வை இல்லாதவர். ரயிலடியிலிருந்து எம்னாவின் முழங்கையைப் பிடித்து வந்தவர், மாடிப்படி ஏறும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"லிஃப்ட் இல்லாத வீட்ல நாலாவது மாடி. இதுல ஆள் வரல, ஆள் வரலன்னு பொலம்பல். மொதல்ல படியக் கொறைங்கம்மா."

"நீங்க வந்துட்டீங்கல்ல, அப்ப யாரும் வரலாம்," என்று மேலிருந்து ஷிராஸ் கத்தினாள். "பால்கனில உக்காருங்கண்ணா. ப்ரிக் பொரிக்கறேன். உள்ள வெச்ச முட்ட வழியாமத் தின்னத் தெரியுமா?"

"சட்டைல வழிஞ்சா எனக்கென்ன, நானா பாக்கப் போறேன்?"

ஹூமாவில் ஒரு வழக்கம் உண்டு. யார் படம் போட்டாலும், அதில் என்ன இருக்கிறது என்று கீழே எழுத வேண்டும். நெஜிப் போன்றவர்களின் போன் அதைப் படித்துச் சொல்லும். கண் உள்ளவர்கள் அந்த வரிகளைத் திறந்தே பார்ப்பதில்லை. எம்னாதான் அந்த விதியை எழுதினாள். அவளும் பார்ப்பதில்லை.

பால்கனியில் துணி துவைக்கும் எந்திரத்தின் மேல் ஷிராஸின் பூனை வஸீர் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மீன் சந்தைச் சண்டையில் பாதிக் காதை இழந்த ரவுடி. அது இறங்கி வந்து நெஜிப்பின் மடியில் ஏறியது. அவர் கை அதன் முதுகில் போயிற்று, கழுத்துக்குப் போயிற்று, காதில் நின்றது.

"அட! இது மப்ரூக்காவோட பூனையில்ல? காபேஸ்லேருந்து எப்ப வந்துச்சு?"

எம்னா சிரித்தாள். "அவங்க பூனை வளக்கலண்ணா. இது ஷிராஸோடது."

"யாரு சொன்னா வளக்கலன்னு? போன வாரம் மாதுளம்பழப் படம் போட்டாங்களே, பாக்கலையா நீ?"

"பாத்தேன். பழம்தான் இருந்துச்சு."

"என்கிட்டயேவா? இரு."

அவர் போனைத் தேய்த்துத் தேடினார். எந்திரக் குரல் சாவதானமாகப் படித்தது. "நீலக் கிண்ணத்தில் ஐந்து மாதுளம்பழங்கள். துணி துவைக்கும் எந்திரத்தின் மேல் வைத்திருக்கிறேன். பக்கத்தில் சாம்பல் நிறப் பூனை தூங்குகிறது. அதன் இடது காது பாதி இல்லை. பின்னால் பச்சை நிற எரிவாயு சிலிண்டர்."

எம்னா தன் போனில் அதே படத்தைத் திறந்தாள். நீலக் கிண்ணம். ஐந்து பழங்கள். வேறெதுவும் இல்லை. படத்தின் நாலு ஓரமும் கிண்ணத்தை நெருக்கிக்கொண்டு நின்றன. அவள் தலையைத் தூக்கினாள். எந்திரம். அதன் பின்னால் பச்சை சிலிண்டர்.

"இருக்கா, இல்லையா?" என்றார் நெஜிப்.

"இல்லண்ணா. வெட்டியிருக்கு."

"பாத்தியா! ஒங்களுக்கெல்லாம் வெட்டின படம், எனக்கு மட்டும் முழுப் படம். எழுதி முடிச்சிட்டு அப்புறம் வெட்டியிருக்காங்க. கீழ எழுதினத மாத்த மறந்துட்டாங்க." அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. பூனையின் காதிலிருந்து கையை எடுத்தார். "எம்னா," என்றார்.

எம்னா அடுப்படிக்குப் போனாள். ஷிராஸ் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தாள். மெல்லிய மாவை மடித்து எண்ணெயில் விட்டாள்.

"தட்ட எடுடி. அண்ணன் பசில தத்துவம் பேச ஆரம்பிச்சிடுவாரு."

"மப்ரூக்கா பெரியம்மா வளக்கற பூனைக்குப் பேர் என்ன?"

கரண்டி நின்றது. எண்ணெய் மட்டும் சத்தம் போட்டது.

"எனக்கென்ன தெரியும்?"

"மாதுளம்பழப் படம் இந்த பால்கனில எடுத்தது. நெஜிப் அண்ணன் போன் சொல்லிச்சு." எம்னா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். "ஷிராஸ், ஒண்ணு கேக்கறேன். அவங்க இங்க வந்திருந்தாங்களா? வந்து, எனக்குச் சொல்லாமப் போயிட்டாங்களா? அப்படின்னா அப்படின்னு சொல்லு. நான் கோவிச்சுக்கமாட்டேன்."

அவள் அதைத்தான் வேண்டிக்கொண்டு நின்றாள். காபேஸிலிருந்து ஒரு கிழவி கூடை மாதுளையோடு ரயிலேறி வந்து, தன்னைப் பார்க்காமல் திரும்பிப் போயிருக்கட்டும். அது சின்ன வலி. அதைத் தாங்கலாம்.

ஷிராஸ் அடுப்பைத் தணித்தாள். திரும்பவில்லை.

"ஹூமா காலியா இருந்துச்சுடி," என்றாள். "மொத மாசம் ஈ காக்கா இல்ல. நானே பத்துப் பேரா மாறிப் பேசிக்கிட்டேன். மீனவன் ஒருத்தன், காலேஜ் பொண்ணு ஒருத்தி, இப்படி. ஆளுங்க வர ஆரம்பிச்சதும் ஒவ்வொருத்தரா கழட்டி விட்டேன். மப்ரூக்காவ மட்டும் முடியல. எல்லாரும் அவளத்தான் தேடி வந்தாங்க. ஒன்னையும் சேத்து."

"பொண்ணு?"

"எந்தப் பொண்ணு?"

"லியோனுக்குப் போன பொண்ணு."

ஷிராஸ் மாவு ஒட்டிய விரல்களைப் பார்த்தாள். "சும்மா ஒரு ஆளுன்னா எவன் நம்புவான்? ஒரு கவல இருக்கணும்ல."

"நான் அழுதேன்."

"தெரியும். எழுதியிருந்தியே."

ப்ரிக் ஒரு பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. இருவரும் அதைப் புரட்டவில்லை. மூன்று வருடமாக அம்மாவிடம் சொல்லாததை, இதோ நிற்பவளிடம் சொல்லாததை, எல்லாம் எம்னா அந்த ஒருத்தியிடம் சொல்லியிருந்தாள். முன்பு ஒருவன் தன்னை வேண்டாம் என்றதை. அப்பாவின் கடைசி நாட்களை. ஷிராஸின் அதட்டல் தனக்குப் பயமாக இருக்கிறது என்பதையும்கூட. அதற்கு மப்ரூக்கா, அவ நல்லவதான் மகளே, பொறுத்துக்கோ என்று எழுதியிருந்தாள்.

"இப்படிப் பாக்காத," என்றாள் ஷிராஸ். "போகாதேன்னா நான் எழுதினேன்? ஒன் இஷ்டம்னுதான எழுதினேன்?"

"கட்டில்ல விரிப்பு மாத்தறேன்னு எழுதினே."

"பயந்துட்டேன்! நீ போனா ஒரே வாரத்துல ஹூமா விழும். எனக்குச் சர்வரத் தொடத் தெரியாது. இத்தன பேரும் திரும்ப அந்தக் கம்பெனிக்காரங்க காலடிக்கே போவாங்க. முதலாளியே இல்லாத எடம்னு ஊரெல்லாம் சொல்லிக் கூட்டியாந்தேன். என்னன்னு சொல்லி அனுப்புவேன்?"

"முதலாளி இல்லையா?" என்றாள் எம்னா.

அவ்வளவு மெதுவாகச் சொன்னாள், ஷிராஸுக்கு அது கேட்கவில்லைபோல. அல்லது கேட்டது. அவள் கையை அவசரமாகத் துணியில் துடைத்துக்கொண்டு, மேசைமேல் கிடந்த தன் கணினியைத் திறந்து எம்னாவின் பக்கம் தள்ளினாள். முகம் சிவந்து, கண் கலங்கியிருந்தது.

"சரி. தப்பு. என் மூஞ்சிலயே முழிக்காத. ஆனா போ. ஹூமா எக்கேடோ கெடட்டும், நீ போடி. நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு. இப்பவே உக்காந்து வர்றேன்னு எழுது. எழுதுடி, எதுக்கு மரம் மாதிரி நிக்கற?"

பால்கனியில் பூனை கத்தியது. நெஜிப் அதை ஏதோ சொல்லி அடக்கினார். எம்னா கை நீட்டி அடுப்பை அணைத்தாள். கணினியை மெல்ல மூடினாள்.

"நேத்து சாயங்காலமே எழுதிட்டேன்," என்றாள். "வரலேன்னு."