மாதுளைத் தோல் தின்ற கோழிகள்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது புதுச்சேரி உப்பளம் பகுதியில் ஒரு கல்யாணப் பந்தியில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் பிரியாணியில் கிடந்த கோழித்துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதோட குடலு நல்லா இருந்திருக்கும்" என்றாள். எனக்குக் கவளம் பாதியில் நின்றது. அவள் கால்நடை மருத்துவர். இங்கே அவள் பெயர் செந்தமிழ்ச்செல்வி.

2

முதல் தொடக்கம்: "இரண்டாயிரத்து ஏழு மே மாதத்தில், புதுச்சேரிக் கடற்கரையில் அலைகள்—"

அடித்துவிட்டேன். செல்விக்குக் கடற்கரையில் வேலையே இல்லை.

இரண்டாவது: "ஆக்சிஜனேற்ற எதிர்ப்பிகள் எனப்படும் தாவரச் சேர்மங்களானவை—"

இதற்கு நீங்கள் எழுந்தே போய்விடுவீர்கள். அவள் சொன்னபடியே சொல்கிறேன். வெயில் ஏறினால் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். (அடிக்குறிப்பு: கோழிக்கு வியர்க்காது. எனக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.) அந்தச் சூடு குடலையும் அரிக்கும். குடலின் உட்சுவரில் சத்தை உறிஞ்சுகிற, விரல் மாதிரி மெல்லிய முளைகள் உண்டு. அவை தேய்ந்தால் தின்றது உடம்பில் ஒட்டாது. மாதுளைத் தோலின் துவர்ப்புச் சத்து அந்த அரிப்பைத் தடுக்கும் என்று செல்வி நம்பினாள். அப்போது அவள் மேற்படிப்பு மாணவி. நம்பினால் பட்டம் தரமாட்டார்கள். நிரூபிக்க வேண்டும்.

3

ஜூஸ் கடைகளில் தோலை வாங்கிவந்து, சாரம் பகுதியில் இருந்த தன் வீட்டு மாடியில் நிழலில் காயவைத்துப் பொடித்தாள். கல்லூரிக் கூண்டுகளில் முதல் சோதனை படுதோல்வி. பொடி அதிகமாகிவிட்டது. துவர்ப்பு பிடிக்காமல் குஞ்சுகள் தீவனத்தைச் சீய்த்துத் தள்ளின, மெலிந்துபோயின.

ஆய்வு வழிகாட்டி தெய்வசிகாமணி, "தலைப்ப மாத்திக்கம்மா. வருஷம் வீணாயிடும்" என்றார்.

(இந்த இடத்தில் அவளை ஒரு பத்தி முழுக்க அழவைத்திருந்தேன். பந்தியில் பார்த்த முகத்துக்கு அது பொருந்தவில்லை. எடுத்துவிட்டேன்.)

"அளவுதான் சார் தப்பு. தோல் மேல தப்பு இல்ல. இன்னொரு தடவ பண்றேன்."

"கூண்டு காலி இல்லியே."

"வெளிய பாத்துக்கறேன் சார்."

4

அரியாங்குப்பம் தாண்டி அஞ்சலாட்சியின் கோழிக் கொட்டகை இருந்தது. கணவர் வேலை பார்த்த மில் மூடியபிறகு அவள் எழுப்பியது. கோழிக் கம்பெனி ஒன்று குஞ்சும் தீவனமும் கொடுக்கும். இவள் வளர்த்துத் தரவேண்டும். போன கோடையில் கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. இந்த முறையும் அப்படியென்றால் இனிமேல் குஞ்சு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். செல்வி கம்பெனியில் பேசிச் சம்மதம் வாங்கிக்கொண்டுதான் அவளிடம் வந்தாள்.

(அஞ்சலாட்சியை வில்லியாக்கப் பார்த்தேன். முதல் பேச்சிலேயே என் கையை உதறிவிட்டாள்.)

"இன்னாம்மா, ஜூஸ் கடைக் குப்பையவா எங் கோழிக்குப் போடுவ?"

"கொஞ்சூண்டுக்கா. பாதிக் கொட்டகைக்கு மட்டுந்தான். நடுவுல வலை கட்டிடலாம்."

"செத்துச்சுன்னா?"

"எம் படிப்பும் சேந்து போயிடும்."

அஞ்சலாட்சி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்ப உனக்கும் வயித்துல நெருப்புதான். கட்டு வலைய."

5

கத்திரி வெயில் வந்தது. ஒரு மத்தியானம் கரண்ட்டும் போனது. மின்விசிறிகள் நின்ற கொட்டகை அடுப்பாகக் கொதித்தது. பொடி தின்னாத பக்கத்தில் கோழிகள் இறக்கையை விரித்துக் கிடந்தன. கழிச்சலில் தரையில் பரப்பிய உமி சொதசொதத்தது. பொடி தின்ற பக்கத்திலும் கோழிகள் மூச்சு வாங்கின. ஆனால் எழுந்துபோய்த் தீவனம் கொத்தின.

அஞ்சலாட்சி இரண்டு பக்க உமியையும் கைக்கொன்றாக அள்ளினாள்.

"இது ஈரம். இது பொலபொலன்னு கெடக்கு. அடியே, வேல செய்யுதுடி!"

அதுவரை 'அம்மா' போட்டவள் இப்போது 'அடியே' என்றாள். இருந்தாலும் உமியைக் கொண்டுபோய்ப் பரீட்சையில் காட்ட முடியாதே. இரண்டு பக்கத்திலிருந்தும் சில கோழிகளைக் கல்லூரிக்கு எடுத்துப்போனாள். குடலை மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் வைத்தாள். தெய்வசிகாமணி குனிந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ரெண்டுல எதும்மா உன்து?"

"நீங்களே சொல்லுங்க சார்."

"ஒண்ணுல வெரலெல்லாம் மழுங்கிக் கெடக்கு. இன்னொண்ணுல நெட்டையா நெருக்கமா நிக்குது. அதான்." நிமிர்ந்தபோது சிரித்தார். "யாரு உன்னத் தலைப்ப மாத்தச் சொன்னது?"

"நீங்கதான் சார்."

6

முடிவுக்கு வந்துவிட்டோம். ஒன்றில் மேடையும் பொன்னாடையும் வைத்தேன்; அவளுக்குப் பொன்னாடை ஒட்டவில்லை. இன்னொன்றில் கடைசி நாளில் ஏதோ ஒரு நோய் வந்து— வேண்டாம். கதை கனமாக இருக்கட்டும் என்று நான் செய்யப்பார்த்த அற்பத்தனம் அது.

நடந்தது இவ்வளவுதான். லாரி வந்த அன்று எடை போட்டார்கள். செல்வியின் பக்கத்துக் கோழிகள் கூடுதலாக நின்றன. சாவும் அந்தப் பக்கம்தான் குறைவு. அடுத்த குஞ்சு எப்போது இறக்கலாம் என்று கம்பெனி ஆளே கேட்டார். அஞ்சலாட்சி செல்வியிடம் திரும்பினாள்.

"அடுத்த தடவ மொத்தத்துக்கும் போடு. பாதிக் கோழி இன்னா பாவம் பண்ணுச்சு?"

செல்வி ஸ்கூட்டரை எடுத்தாள். அரியாங்குப்பம் பாலத்தின்மேல் வாய்விட்டுப் பாடிக்கொண்டே போனாள். அங்கேயே அவளை நிறுத்தி முற்றுப்புள்ளி வைக்கத்தான் நினைத்தேன். நிற்கவில்லை. மேற்கொண்டு நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். தோற்கடிக்க மட்டும் பார்க்காதீர்கள். நான் முயன்று பார்த்தாயிற்று.