அக்கரையில் ஹெல்மெட் செக்கிங்

பாலாற்றில் வெள்ளம் வடியத் தொடங்கிய காலையில், நெடுஞ்சாலைத் துறையின் உதவிப் பொறியாளர் பூர்ணிமா, ஆம்பூருக்குப் பக்கத்துப் பழைய பாலத்தின் முனையில் கைகளை விரித்து வழிமறித்து நின்றாள். நடுத்தூணுக்கு மேலே கைப்பிடிச் சுவர் லேசாகத் தொய்ந்திருந்ததைக் கவனித்திருந்தாள். அக்கரையில் துறையின் லாரியைக் குறுக்கே நிறுத்தியாகிவிட்டது. இந்தப் பக்கம் அவள் மட்டும்தான். போலீசுக்குச் சொல்லியும் இன்னும் ஆள் வரவில்லை. ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள் பைக்கில் உட்கார்ந்து ஹாரனை அலறவிட்டார்கள்.

“தண்ணிதான் எறங்கிடுச்சே மேடம்? பாலம் கிண்ணுனு நிக்குது,” என்றான் முன்னால் நின்ற ஜெஸ்டன்.

“மேல பாத்தா தெரியாதுங்க. வெள்ளம் தூணைச் சுத்திச் சுழிச்சு, அடியில இருக்கிற மணலைத் தோண்டி எடுத்துடும். அஸ்திவாரத்துக்குப் பிடிமானமே இருக்காது. பீச்சுல நின்னா, அலை திரும்பும்போது காலுக்கடியில மணல் ஓடும்ல? அப்படித்தான்.”

“ஆம்பூர்ல ஏது மேடம் பீச்சு?”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவளை நெருக்கி வண்டியை நகர்த்தினார்கள். பூர்ணிமா ஓரடி பின்னுக்கு நகர்ந்தாள், விரித்த கைகளை மட்டும் இறக்கவில்லை.

பாலத்தருகே டீக்கடை வைத்திருந்த தபரேஸ் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒருத்தரும் கேக்க மாட்டேங்கறாங்க பாய்,” என்றாள் அவள்.

“நெசத்த சொன்னா எவன் மேடம் கேப்பான்? நீங்க கம்முனு இருங்க.”

அவர் சாலைக்கு வந்து, ரகசியம்போலக் குனிந்து, கடைசி வண்டிவரை கேட்கும்படி ஜெஸ்டனிடம் சொன்னார்: “தோஸ்த், அக்கரைல ஹெல்மெட் செக்கிங். வண்டியவே தூக்கிடறாங்களாம். ஒரே பேஜாரு.”

ஜெஸ்டன் அடுத்த நொடியே வண்டியைத் திருப்பினான். பின்னாலேயே மொத்த வரிசையும் திரும்பியது. ஹெல்மெட் போட்டிருந்த ஒரே ஒருவரும் லைசென்ஸைத் தேடிச் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே திரும்பிப் போனார்.

தபரேஸ் போட்டுக் கொடுத்த டீயைப் பூர்ணிமா வாயில் வைப்பதற்குள் நடுத்தூண் சத்தமில்லாமல் கீழே இறங்கியது. அப்புறம்தான் இடி மாதிரிச் சத்தம். தூணுக்கு இருபுறமும் இருந்த பாலத்தின் இரண்டு கண்கள் ஆற்றில் விழுந்து கிடந்தன. மேலே ஓர் ஆள்கூட இல்லை. அவள் கையிலிருந்த டீ புடவையெல்லாம் கொட்டியிருந்தது.

கொஞ்ச நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து இறங்கினார். “போலீஸ் ஹெல்மெட் புடிக்குதுன்னு கத கட்டுனது யாரு?”

தபரேஸ் பால் பொங்குகிறதா என்று மிக அக்கறையாகப் பார்த்தார்.

“நாந்தான் சார்,” என்றாள் பூர்ணிமா.

இன்ஸ்பெக்டர் ஆற்றில் விழுந்து கிடந்த பாலத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“பாய், சக்கர ஜாஸ்தியா ஒரு டீ. மேடத்துக்கும் ஒண்ணு.”