மஞ்சள் நகமும் மூன்று முடிவுகளும்

1

இந்தக் கதை ஒரு நகப்பூச்சில் தொடங்கியது, ஒப்புக்கொள்கிறேன். அக்கா மகள் பல்கலைக்கழக சாஃப்ட்பால் அணியில் கேட்சர், வீசுகிற பந்தைப் பிடிக்கிறவள். புழுதியோடு வந்தவளின் வலது கை விரல்களில் மட்டும் பளீரென்று மஞ்சள். "அழகுக்கு இல்ல சித்தி, வேலைக்கு," என்றாள். சும்மா கிடந்த சங்கை ஊதுவானேன் என்று விட்டிருக்கலாம். எழுதுகிறவளுக்கு அந்த நல்ல புத்தி ஏது?

2

முதல் தொடக்கம்: காலைச் சூரியன் மைதானத்தின் மேல் பொன்னிறமாக (வேண்டாம். அவர்கள் பயிற்சிக்குப் போவது மண்டை பிளக்கிற மதிய வெயிலில்.)

இரண்டாவது: அணியில் அக்கா மகளுக்குப் பெயர் பூட்டு. அவளைத் தாண்டிப் பந்து போகாது. மட்டைக்காரிக்குப் பின்னால் குந்தியிருந்து, தொடைகளுக்கு நடுவே விரல் காட்டுவாள். ஒன்று என்றால் வேகப்பந்து, இரண்டு என்றால் மெதுவான பந்து. வீசுகிறவள் தலையாட்டிவிட்டு அதையே வீசவேண்டும். அந்த அணியில் வீசுகிறவளுக்குப் பெயர் புயல். இந்த வருடம் அவள் இரண்டுக்குத் தலையாட்டிவிட்டு ஒன்றை வீசினாள். பந்து பூட்டின் தோளைப் பதம் பார்த்தது. தலைக்கனம் என்று முடிவுகட்டிப் பேச்சையே நிறுத்திவிட்டாள் பூட்டு.

3

பேருந்து நிறுத்தத்தில்தான் சாயம் வெளுத்தது. வண்டி கண்ணெதிரே வந்துகொண்டிருக்க, அது எந்த வண்டி என்று பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள் புயல். தள்ளி நின்ற பூட்டுக்குச் சுருக்கென்றது. தலைக்கனமில்லை, கண் சரியாகத் தெரியவில்லை.

கண்ணாடி போட்டவளைக் கோச் இதுவரை களத்தில் இறக்கியதில்லை. "தெரிஞ்சா என்னை உக்கார வச்சிடுவாங்கடி," என்று கெஞ்சினாள் புயல். பூட்டு கோச்சிடம் மூச்சுவிடவில்லை, நகத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டாள். விரல் தெரிந்தது, அணியும் ஜெயித்துக்கொண்டே போனது.

[இங்கே எனக்குப் பூட்டின் மேல் கோபம். அடித்த பந்து நேராக வீசியவள் முகத்துக்கே திரும்பி வருமே, அதற்கு எந்தப் பூச்சு உதவும்? அக்கா மகளிடம் கேட்டே விட்டேன். அவளுக்கும் அதே பயம்தானாம், வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லையாம்.]

4

இறுதி ஆட்டம், கடைசிச் சுற்று, இவர்கள் ஒரே ஓர் ஓட்டம் முன்னிலை. எதிரணியின் பெரிய மட்டைக்காரி வந்து நின்றாள். முந்தின முறை அவள் அடித்த பந்து புயலின் காதை உரசிக்கொண்டு போயிருந்தது. புயல் அசையவே இல்லை. கூட்டம் அதைத் துணிச்சல் என்று கைதட்டியது.

பூட்டு நடுவரிடம் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, முகமூடியைக் கழற்றிக்கொண்டு புயலை நோக்கி நடந்தாள்.

முடிவு அ: புயல் அழுதுகொண்டே (அவள் அழுகிற ஜாதியில்லை.)

முடிவு ஆ: பூட்டு பாதி வழியில் திரும்பி, நேராகக் கோச்சிடம் (இது துரோகமா? எனக்கே தெரியவில்லை, நிறுத்திவிட்டேன்.)

முடிவு இ:

"தோத்தா தோத்துட்டுப் போறோம். உன் மூஞ்சி எனக்கு முழுசா வேணும்," என்றாள் பூட்டு. "நீயே சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

புயல் பின் பாக்கெட்டில் கைவிட்டாள். கைக்குட்டையில் சுற்றிய கண்ணாடி. எத்தனை ஆட்டமாக அங்கே கிடந்ததோ. எல்லோரும் பார்க்கப் போட்டுக்கொண்டு, மட்டைக்காரியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அம்மாடி, அவ இவ்ளோ பெரிய ஆளா?"

இருவரும் சிரித்துவிட்டார்கள். கோச் எழுந்து வருகிறார். அவர் என்ன சொன்னார் என்று கேட்டால், "நாங்க சிரிச்ச வரைக்கும் எழுதுங்க சித்தி, போதும்," என்கிறாள் அக்கா மகள். எனக்குப் போதவில்லை. இத்தனை நாள் கண் தெரியாமலே அணியை ஜெயிக்கவைத்தவள், இப்போதுதான் பார்க்கத் துணிந்திருக்கிறாள். நீங்கள் அந்தக் கோச்சாக இருந்தால் அவளை உட்கார வைப்பீர்களா, பந்தைக் கொடுப்பீர்களா? சொல்லுங்கள், கோச் கிட்டே வந்துவிட்டார்.