ஆடிக்கொண்டே இருந்த கோடு

கும்பலோடு கோவிந்தா போட்டுப் பின்குரல் பாடிக்கொண்டிருந்தவளுக்கு அது முதல் தனிப்பாட்டு. பதிவு முடிந்துவிட்டது. ஒலிகளைச் சேர்த்துக் கலக்கும் வேலை புருஷனுடையது. வீட்டின் பின்னறைதான் அவருடைய ஸ்டுடியோ. மாலையில் இசையமைப்பாளர் வந்து கேட்டுத் தலையாட்டிவிட்டால் பாட்டு அப்படியே வெளியே போய்விடும்.

புருஷன் காதை நம்பாத மனுஷன். ஸ்பெக்ட்ரம் அனலைசர் என்ற ப்ளக்-இன்னைத் திரையில் திறந்து வைத்துக்கொண்டு அதையே முறைத்துக்கொண்டிருப்பார். ஒலியைக் கோடாக வரைந்து காட்டும் சமாசாரம் அது. கனத்த ஒலி இடப்பக்கம், கூரான ஒலி வலப்பக்கம். கோடு எங்கே மேடு தட்டினாலும் அவருக்குக் கை அரிக்கும்.

அவள் குரலில் இடப்பக்கம் நல்ல மேடு. அந்தக் கனத்துக்காகவே இசையமைப்பாளர் அவளைத் தேடிப் பிடித்திருந்தார். இவரோ காலையிலிருந்து அதை வெட்டு வெட்டென்று வெட்டித் தள்ளினார். மதியத்துக்குள் குரல் கொசு மாதிரி ஆகிவிட்டது. தன் குரலைத் தனக்கே அடையாளம் தெரியவில்லை என்று அவள் சொல்லிப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

“காது ஏமாத்தும், கோடு ஏமாத்தாது,” என்று சொல்லிவிட்டு அவர் குளிக்கப் போனார்.

அவள் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் வெட்டிய வெட்டுகளையெல்லாம் ஒரே சொடுக்கில் அணைத்தாள். சரி, மேடு திரும்ப வந்துவிடுமே? மெட்டைக் கற்றுக்கொடுக்க அவரே முனகிப் பதிந்து வைத்திருந்த ட்ராக் ஒன்று அடியில் கிடந்தது. சத்தத்தை ஏற்றி இறக்கும் அதன் ஃபேடர் முழுக்க இறக்கியிருந்ததால் சத்தம் வெளியே வராது. ஆனால் ஃபேடருக்கு முன்னாலேயே உட்காரும் அனலைசருக்கு அது நன்றாகவே எட்டும். அனலைசரை அந்த ட்ராக்குக்கு மாற்றினாள். அவருக்கோ தகரத்தில் ஆணி கீறுகிற குரல்; மருந்துக்கும் கனம் கிடையாது. எந்த ட்ராக் என்று அனலைசரின் தலையில் பொடி எழுத்தில் இருக்கும். அதை அவர் என்றைக்குப் படித்தார்!

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் பாட்டைப் போட்டார். இடப்பக்கம் மேடே இல்லாமல் வழவழவென்று கோடு. அவர் முகம் மலர்ந்தது.

“இப்பதான் குரல் குரலா இருக்கு. காலையில ஒரே சேறா கிடந்துச்சு.”

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். வயிற்றெரிச்சலும் இல்லாமல் இல்லை. ஒரு தரமாவது கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருக்கக் கூடாதா இந்த மனுஷன்?

இசையமைப்பாளர் வந்தார். அவள் குரல் அறையை நிறைத்தது. அவர் கண்ணை மூடி ரசிக்க, புருஷனோ கோட்டைப் பாருங்க சார், கோட்டைப் பாருங்க என்று அவரை உலுக்காத குறை.

பல்லவி முடிந்து புல்லாங்குழல் வந்தது. அவள் குரல் நின்றது, கோடு நிற்கவில்லை. எதையும் அரைகுறையாகச் செய்யாத மகராசன், அன்றைக்குப் புல்லாங்குழலையும் சேர்த்தே முனகி வைத்திருந்தார்.

“இவங்க நிறுத்திட்டாங்களே தம்பி,” என்றார் இசையமைப்பாளர். “இது யாருக்காக ஆடுது?”

புருஷன் முதல்முறையாகப் பொடி எழுத்தைப் படித்தார். கை தானாகப் போய் அந்த ஃபேடரை ஏற்றியது. புல்லாங்குழல் மேல் தகரம் கீறியது.

இசையமைப்பாளர் இருமல் வரும்வரை சிரித்தார். இந்தப் பெண்ணின் குரலில் கை வைக்காதே, உன் குரலை மட்டும் இறக்கிவிடு, பாட்டு முடிந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அறையில் இருவரும் மிஞ்சினார்கள்.

“அப்ப காலையிலேர்ந்து உன் குரலை என் குரலாவா மாத்திட்டிருந்தேன்?”

“காலையிலேர்ந்தா? கல்யாணம் ஆனதிலேர்ந்துங்க.”

அவர் அனலைசரை மூடிவிட்டுப் பாட்டை முதலிலிருந்து போட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று, அவர் கண்ணை அவளே பொத்தினாள்.