தண்ணீர்க் காட்சிக்கு ஓர் எச்சரிக்கை

நைரோபியில் நான் வேலை பார்த்த தொலைக்காட்சி நிலையத்தில், எந்தத் தொடரை எந்த வயதினர் பார்க்கலாம் என்று முடிவு செய்தவர் கெருபோ அக்கா. தொடருக்கு முன்னால் திரையில் வரும் எச்சரிக்கையையும் அவர்தான் சொல்வார்; தட்டச்சு செய்வது நான்.

அந்த வாரம் வந்தது, உலகம் அழிந்த பிறகு நைரோபியில் நடக்கும் கதை. இடிந்த மேம்பாலங்கள், கவிழ்ந்த பேருந்துகள், கண்ணில் பட்டவனையெல்லாம் வெட்டும் கும்பல்கள். நாற்பத்தோராவது கொலையோடு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். அக்கா மந்தாசிப் பணியாரத்தைத் தேநீரில் தோய்த்துத் தின்றபடியே பத்துப் பகுதிகளையும் பார்த்தார். ஆறாவது பகுதியில் மட்டும் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார். வராந்தாவுக்குப் போய், மொம்பாசாவிலிருக்கும் மகனைக் கூப்பிட்டு, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் தயாரிப்பாளர் ஒகேயோ வந்தார்.

"பதினெட்டு வயசுதானே மேடம்?"

"பதிமூணு போதும்னு நெனச்சேன்."

ஒகேயோ நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "பதிமூணா? பீப்பாய் பீப்பாயா ரத்தம் ஊத்தியிருக்கேன்!"

"அது ரத்தமா? பீட்ரூட் சாறுன்னுல்ல நெனச்சேன். மூணாவது பகுதியில ஒருத்தன் கழுத்த அறுக்கிறாங்க. செத்தப்புறம் அவன் கொசு அடிக்கிறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, இருமலாக்கி மறைத்தேன்.

"பதினெட்டுன்னு போடுங்க மேடம். அப்பத்தான் பசங்க ஒளிஞ்சு ஒளிஞ்சு பாப்பாங்க!" என்றவர் உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"வெட்டுக்குத்துக்குப் பதிமூணுதான். ஆனா அந்தத் தண்ணிக் காட்சிக்காகப் பதினாறு போடுறேன்."

"எந்தத் தண்ணி? ஓ, அதுவா! பகுதியோட நீளம் பத்தலன்னு நடுவுல சேத்தது மேடம். அதுல ஒரு கீறல்கூட இல்லையே?"

அக்கா என் பக்கம் திரும்பி, "எழுதிக்கோ முசெம்பி" என்றார். எழுதினேன்: 'இந்தப் பகுதியில் ஒரு தாய், தூங்கும் பிள்ளைக்குத் தெரியாமல் கடைசித் தண்ணீரைக் குடிக்கிறாள். தனியாக இருப்பவர்கள் பார்க்க வேண்டாம். வெட்டுக்குத்தும் உண்டு.'

ஒகேயோ மேலாளரிடம் ஓடினார். மேலாளர் அந்த வரியை இரண்டு முறை படித்தார். கையெழுத்துப் போட்டார்.

ஆறாவது பகுதி ஒளிபரப்பான மறுநாள் தொலைபேசி ஓயவில்லை. "அவளும் ஒரு தாயா?" என்று ஒருத்தி கத்தினாள். "அவ செத்துட்டா பிள்ளைய யாரு தூக்கிட்டு நடப்பா? நானா இருந்தாலும் குடிச்சிருப்பேன்" என்று அடுத்தவள் அழுதாள். பேருந்தில், சந்தையில், வானொலியில் எல்லாம் இதே சண்டை. கொலைகளைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. ஒகேயோ தினமும் என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கோடாலிச் சண்டையப் பத்தி யாராவது பேசினாங்களா?" என்று கேட்பார். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் வருடத் தொடரை அவரே கொண்டுவந்தார். இந்த முறை ரத்தமே இல்லை. எல்லோரும் ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். ஒகேயோ திரையைப் பார்க்காமல் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பகுதி முடிந்ததும் அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினெட்டு" என்றார்.

ஒகேயோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, பாட்டு முணுமுணுத்தபடி படியிறங்கினார்.

"அவ்வளவு பயங்கரமாவா இருந்துச்சு அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கே ரெண்டு தடவ தூக்கத்துல கண்ணு சொக்கிருச்சு. பாவம், சின்னப் பிள்ளைங்க எப்படித் தாங்கும்?" என்றார்.