கடலூர்க்காரருக்கு ஒரு மீன் கடை

சுரேஷ்குமார் போனில் கடைசியாகச் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் மூன்று வாரமாக மென்றுகொண்டிருந்தேன்.

"வீட்டுக்கு வந்து பஜ்ஜி, கேசரி சாப்பிட்டுப் போற வயசா நமக்கு? ஊருக்கு வெளிய எங்கனா போய் மீன் சாப்பிடலாங்க. நல்ல கடையா நீங்களே பாத்து வைங்க."

அவர் கடலூர்க்காரர். டயர் கடை வைத்திருக்கிறார். மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது, எட்டாவது படிக்கிற ஒரு பெண் இருக்கிறாள். நான் சந்திரகலா. வயது முப்பத்தேழு. வேங்கிக்காலில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் உதவியாளர். அடி அண்ணாமலையில் தம்பி வல்லரசு வீட்டு மாடியில் ஜாகை. ஆறு வருடத்துக்கு முன்னால் கோர்ட்டில் முடிந்துபோன ஒரு கல்யாணம். திருமண இணையதளம் ஒன்றில் பார்த்துப் பழக்கமாகி மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருந்தோம். போனில் நன்றாகத்தான் பேசினார். போனில் எல்லா ஆண்களும் நன்றாகத்தான் பேசுவார்கள்.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. உட்காரவைத்து மார்க் போடாத ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். முதல் கல்யாணத்தில் ஏழு வருடம் தினமும் பரீட்சை எழுதினேன், ஒருநாளும் பாஸ் ஆகவில்லை. இன்னொரு வாத்தியாரைக் கட்டிக்கொள்வதற்குப் பதிலாக மாடியில் தனியாகவே கிடந்துவிடலாம் என்று தீர்மானமாக இருந்தேன். அந்த நேரத்தில்தான் இப்படிச் சொன்னார். கடலோரத்தில் பிறந்து மீனோடு வளர்ந்தவர், மலையடிவாரத்துக்காரியைப் பார்த்து மீன் கடை தேடச் சொல்கிறார். இது பரீட்சையா, சும்மா பேச்சா? இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. மறுநாள் காலையில் ஒன்றுமே இல்லை என்றும் தோன்றியது.

ஊருக்குள்ளே எந்தக் கடைக்கும் போக முடியாது. தேரடி வீதியில் நான் தும்மினால் அடி அண்ணாமலையில் யாராவது நூறு ஆயுசு என்று சொல்லிவிடுவார்கள். தம்பிக்கு இன்னும் விஷயம் தெரியாது. அதனால் சென்னையிலிருந்து சொந்தக்காரர்கள் வருவதாகப் பொய் சொல்லி ஆபீசில் விசாரித்தேன். அன்றைக்குத்தான் எங்கள் ஆபீசில் இத்தனை மீன் நிபுணர்கள் வேலை பார்ப்பது தெரிந்தது.

"சாத்தனூர் டேம் ரோட்டுக்குப் போங்க மேடம். கண்ணு முன்னாடியே வறுத்துக் குடுப்பாங்க" என்றார் ஒருவர்.

"டேம் மீன்ல மண் வாடை அடிக்கும். கடல் மீன் சாப்பிட்டு வளந்தவங்க கிட்டயே வரமாட்டாங்க. பாண்டிச்சேரியிலேந்து ஐஸ் பெட்டியில இறக்குற கடை ஒண்ணு அதே ரோட்டுல இருக்குது, பெரிய போர்டு வெச்சிருப்பான், அங்க போங்க" என்றார் அடுத்தவர்.

"அந்த ஐஸ் பெட்டியில இருக்கிறது மீன் இல்ல, கருவாட்டுக்கு அண்ணன்" என்றார் மூன்றாமவர்.

பக்கத்து மேசை காமேஸ்வரி கோவில் குருக்கள் வீட்டுப் பெண். அவள் வீட்டு வாசப்படியை ஒரு முட்டைகூடத் தாண்டியதில்லை. ஆனால் யோசனை சொல்வதில் அவள்தான் தெளிவாக இருந்தாள்.

"நான் சாப்பிட்டதில்லடி. ஆனா டேமுக்குப் போறச்சே கார்ல உக்காந்துண்டு பாத்திருக்கேன். எந்தக் கடை வாசல்ல நாய் நிம்மதியாப் படுத்துண்டிருக்கோ, அதுதான் நல்ல கடை. நாயே எழுந்து போயிட்ட கடைக்கு நீ ஏன் போறே?"

இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு தண்டராம்பட்டு சாலையில் அலைந்தேன். தனியாக ஒரு பொம்பளை வந்து உட்கார்ந்து ஜிலேபி மீன் வறுவல் கேட்டால் எல்லாக் கடையிலும் ஒரே கேள்விதான்: "சார் பின்னாடி வராரா மேடம்?" வருவார், ஆனால் ஓரிரு வாரம் கழித்து, அதுவும் நிச்சயமில்லை என்று சொல்ல முடியுமா? முதல் நாள் மூன்று கடையில் சாப்பிட்டேன். முதல் கடையில் மசாலா தூக்கல், இரண்டாவதில் எண்ணெய் பழசு, மூன்றாவது கடைக்குள் என் நாக்கு குழம்பிப்போய் எதைப் போட்டாலும் சரி என்றது. வீட்டுக்கு வந்து சோடா குடித்துப் படுத்துக்கொண்டேன். ஒரு வறுவல் நன்றாக இருக்கிறதா இல்லையா என்பதைக்கூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லையே என்று எரிச்சலாக வந்தது. ஏழு வருடம் என் நாக்கை வேறொருவர் குத்தகைக்கு எடுத்திருந்தார், பிறகு எப்படிச் சொல்ல முடியும்?

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பாஞ்சாலையம்மாள் கடை அகப்பட்டது. டேமுக்கு நாலு கிலோமீட்டர் முன்னால் ஒரு கீற்றுக்கொட்டகை. போர்டு கிடையாது. அன்றன்றைக்கு வலையில் என்ன விழுகிறதோ அதில் ஒரு குழம்பு, ஒரு வறுவல். வாசலில் நாயும் படுத்திருந்தது. அன்றைக்கு விரால் மீன் குழம்பு. முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. யாரையும் கேட்காமல், என் நாக்கு தானாகவே நன்றாக இருக்கிறது என்றது. இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சந்தோஷத்தில் அழுகை வரும்போல இருந்தது. காரம் என்று சொல்லித் தண்ணீர் கேட்டேன்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை ஒருத்தரைக் கூட்டிட்டு வரேங்க்கா" என்றேன்.

"வாம்மா" என்றார் பாஞ்சாலையம்மாள். யார் என்று கேட்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

இருந்தாலும் மனசு சும்மா இருக்குமா? 'டேம் மீன் பரவாயில்லையா?' என்று சுரேஷ்குமாருக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்கு ஒற்றைக் கட்டைவிரல் வந்தது. கட்டைவிரல் என்றால் சந்தோஷமா, சரி விடு என்பதா? காமேஸ்வரியிடம் காட்டினேன். அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "நகம் வெட்டியிருக்கு, நல்ல மனுஷன்தான்" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கெல்லாம் பாஞ்சாலையம்மாள் கடையில் போய் இறங்கினேன். அடுப்பு மெழுகிக் கோலம் போட்டிருந்தது. சட்டியெல்லாம் கவிழ்த்து வைத்திருந்தது. தலைக்குக் குளித்து நெற்றி நிறைய விபூதியோடு பாஞ்சாலையம்மாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க்கா, குழம்பு வெக்கலயா?"

"ராத்திரி மலை சுத்திட்டு இப்பத்தாம்மா வந்தேன். பௌர்ணமி இன்னும் போகலையே? ரெண்டே காலுக்குத்தான முடியுது. அதுக்கப்புறம்தான் அடுப்பே பத்த வெப்பேன்."

மாதக் காலண்டரில் முழு நிலா படம் சனிக்கிழமைக் கட்டத்தில் இருந்தது. சிறப்புப் பேருந்துகள் சனிக்கிழமை ஓடின. எங்கள் வீட்டு வாசல் வழியாகக் கூட்டம் போனதும் சனிக்கிழமை ராத்திரிதான். அதோடு பௌர்ணமி முடிந்தது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். திதி இன்றைக்கு மத்தியானம் வரைக்கும் நீளுவதைப் பார்க்கவில்லை. கிரிவலப் பாதையிலேயே பிறந்து வளர்ந்தவள் செய்கிற தப்பா இது? எங்கள் வீட்டிலும் பௌர்ணமிக்குக் கவிச்சி தொடமாட்டோம். ஆகக் கடையும் போச்சு, நானும் சாப்பிட முடியாது.

நாளிதழ் காகிதத்தைச் சுருட்டி நாயை விசிறிக்கொண்டு நின்றேன். ஏன் நாயை விசிறினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து சுரேஷ்குமார் இறங்கினார். போட்டோவில் பார்த்ததைவிடக் குள்ளம், முடியும் கம்மி. மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்த சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல், மேலதிகாரியிடம் விளக்கம் கொடுக்கிற குரலாக மாறிவிட்டது. எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"அப்ப ரெண்டே காலு வரைக்கும் இருக்கலாமா, வேற எங்கனா போலாமா? உங்க இஷ்டங்க" என்றார்.

உங்க இஷ்டம்! முன்பு ஒருவர் 'உன் இஷ்டம்' என்று சொன்னால் ஒரு வாரத்துக்கு வீட்டில் பேச்சு இருக்காது. இவர் அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறார். எந்த இஷ்டம் இவருக்கு இஷ்டம் என்று முகத்தைப் பார்த்தேன். பசி மட்டும்தான் தெரிந்தது.

பசியோடு இருக்கிற ஆளை இரண்டு மணி நேரம் உட்காரவைக்கக் கூடாது என்று, ஐஸ் பெட்டியில் மீன் இறக்குகிற அந்தப் பெரிய போர்டு கடைக்குக் கூட்டிப்போனேன். நான் ஸ்கூட்டியில் முன்னால், அவர் காரில் பின்னால். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டியதில் ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டது. வெளியூர்க்காரர்களை நம்பி நடக்கிற கடை அது, அதற்குத் திதியெல்லாம் கிடையாது. வாசலில் நாய் இல்லை. பார்த்தும் உள்ளே போனேன்.

"நீங்க சாப்பிடலயா?" என்று கேட்டார்.

"எனக்கு இன்னும் பௌர்ணமிங்க. நான் ரசம் சோறு சாப்பிட்டுக்கிறேன்."

"அப்ப நான் மட்டுமா?"

"சாப்பிடுங்க. அதுக்குத்தானே இவ்ளோ தூரம் வந்தீங்க?"

வஞ்சிரம் வறுவலும் மீன் குழம்பும் சொன்னார். இலை போட்டார்கள். என்னால் ருசி பார்க்க முடியாது, அதனால் அவர் முகத்தைத்தான் பார்த்தாக வேண்டும். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். மென்றார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. மீதித் துண்டை இலை ஓரத்தில் ஒதுக்கினார். கடைசியில் ரசித்துச் சாப்பிட ஒதுக்குகிறாரா, வேண்டாம் என்று ஒதுக்குகிறாரா? குழம்பில் இரண்டு வாய் பிசைந்து சாப்பிட்டார். குழம்பிலிருந்த மீன் துண்டும் ஓரத்துக்குப் போனது. பெண்ணின் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏதோ சொன்னார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. இலை ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனி ஒரு நிமிடமும் தாங்காது என்று கேட்டேவிட்டேன்.

"மீன் எப்படிங்க இருக்குது?"

"நல்லா இல்லங்க" என்றார், மணி கேட்டால் மணி சொல்வதுபோல. "ஐஸ்ல ஜாஸ்தி நாள் கெடந்த மீனு."

நான் கையை இலையில் வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்தது என்ன வரும் என்று எனக்கு மனப்பாடம். நல்லா இல்லை என்பது ரசத்தில் தொடங்கும். இதைக்கூடவா உங்க அம்மா சொல்லித் தரலை என்று அம்மாவிடம் போகும். ஆபீஸ் போகிற திமிர் என்று வேங்கிக்கால் வரைக்கும் போய்த் திரும்பும். ஒரு பிள்ளைக்குக்கூட வக்கில்லை என்பதில் வந்து நிற்கும். அதற்குள் தெருவே கேட்டு முடித்திருக்கும். ஏழு வருடத்தில் ஒருநாளும் வரிசை மாறியதில்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டாவது வாக்கியத்துக்காகக் காத்திருந்தேன்.

அவர் சோற்றைப் பிசைந்தார். என் இலையை எட்டிப் பார்த்தார்.

"அந்த ரசம் எப்படி இருக்குது?"

"நல்லாருக்குது."

"அண்ணே, இங்கயும் ஒரு ரசம்!"

நான் இன்னும் காத்திருந்தேன். ரசத்துக்குப் பிறகாவது வரும். வரவில்லை.

"அவ்ளோதானா?" என்று கேட்டேன்.

"என்னங்க அவ்ளோதானா?"

"நான்தானே இந்தக் கடைக்குக் கூட்டிட்டு வந்தேன்."

"ஆமா." கொஞ்சம் யோசித்தார். நான் என்ன கேட்கிறேன் என்பது அவருக்குச் சத்தியமாகப் புரியவில்லை. "மீனை நீங்க புடிச்சிட்டு வரலயேங்க."

அப்போதுதான் எனக்கு உடைந்தது. ஒரு கடை நிறைய ஆட்களுக்கு நடுவில், ரசம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தது, ஆனால் நிறுத்த முடியவில்லை. மனுஷர் பயந்துபோய்விட்டார்.

"ஐயோ, அவ்ளோ மோசம் இல்லங்க. சும்மா சொன்னேன். நல்லாத்தான் இருக்குது" என்று ஓரத்தில் ஒதுக்கியிருந்த துண்டை அவசரமாக எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"துப்புங்க" என்றேன். "பொய் சொல்லாதீங்க. மொதல்ல சொன்னதையே சொல்லுங்க."

ரசக் கிண்ணத்தோடு வந்த சர்வர் அப்படியே நின்றார். சுரேஷ்குமார் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாயிலிருந்ததை எப்படியோ விழுங்கினார்.

"நல்லா இல்லங்க" என்றார், மெதுவாக.

"இன்னொரு தரம் சொல்லுங்க."

சொன்னார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.